கழுவிக் காயப்போட்ட ஃபில்டர்

2005 நவம்பரில் கன்னியப்பன் நாளைக்கு மூன்று முறை குளித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வீட்டில் ஒரு முறை. காலை டிரிப் முடிந்ததும் கம்பெனி டிரைவர் ஷெட்டுக்குப் பின்னால், கார் கழுவும் குழாயில் ஒரு முறை. சாயங்காலம் மேனேஜரை ஏற்றுவதற்கு முன்னால் அதே குழாயில் இன்னொரு முறை. வெளியே அடைமழை. விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன, தும்மலை அடக்கிக்கொண்டே வண்டி ஓட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் உடம்பிலிருந்து நாற்றம் வருகிறது என்று மேனேஜர் சொன்னார். கொஞ்ச நாளில் கன்னியப்பனும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் ஊர். கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று அங்கே காம்பவுண்டு எழுப்பியபோது அவர் குடும்பத்து நிலம் காம்பவுண்டுக்கு உள்ளே போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது பேச்சு. போய் நின்றபோது, உற்பத்தி லைனில் நிற்க ஐ.டி.ஐ. படித்திருக்க வேண்டும் என்றார்கள். இவர் எட்டாவது. டிராக்டர் ஓட்டுவேன், கார் லைசென்சும் இருக்கிறது என்றார். டிரைவர் வேலை கொடுத்தார்கள், காண்ட்ராக்டில். இரண்டு வருஷம் புகார் இல்லாமல் ஓட்டினால் பர்மனென்ட்.

பர்மனென்ட் என்றால் நீலச் சட்டை. கேன்டீனில் உள்பக்கத்து மேசை. குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு. எல்லாவற்றையும்விட, எவரும் ஒரு சாயங்காலம் கூப்பிட்டு ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிட முடியாது. அவருடைய இரண்டு வருஷம் 2006 ஜனவரியில் முடிய இருந்தது. அவர் யாருக்குக் கார் ஓட்டுகிறாரோ அந்த அதிகாரி நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அந்த அதிகாரி கோதண்டராமன், தரக் கட்டுப்பாட்டு மேனேஜர். அண்ணா நகரில் வீடு. கம்பெனியின் வெள்ளைக் காரை விடிகாலையில் ஷெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கன்னியப்பன் அண்ணா நகர் போவார், மேனேஜரை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் திரும்புவார். சாயங்காலம் இதே பாதை தலைகீழாக. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே பாதித் தூரத்துக்குக் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி லாரிகள் எழுப்பிய புழுதி காற்றில் நின்றுகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. கோடை முடியும்போது காரின் ஏ.சி. துவாரங்களிலிருந்து காற்று மெலிந்துவிட்டது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் சத்தம்தான் வந்தது.

செப்டம்பரில் சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக் முன்பக்கத்து டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்து ஒரு பொருளை உருவிக் காட்டினார். காகித விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. காருக்குள் வரும் காற்று அத்தனையும் இதற்குள் புகுந்துதான் வர வேண்டும். மடிப்புகளில் செம்மண் அப்பியிருந்தது. மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கம்பெனியில் நிர்வாக அதிகாரி தாவீது கையெழுத்துப் போட வேண்டும்.

“ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? காத்தடிச்சுப் போட்டுக்கோ, போ” என்றார் தாவீது.

கன்னியப்பன் பஞ்சர் கடையில் காற்றடித்தார். பாதித் தூசி போயிற்று. அரைகுறையாக விட அவருக்கு மனசு வரவில்லை. டிராக்டரில் ஏர் கிளீனர் என்பது எண்ணெய்க் கிண்ணமும் கம்பி வலையும். அதை டீசலில் அலசிக் கழுவி மாட்டினால் இன்ஜின் மூச்சு வாங்காமல் இழுக்கும். இருபது வருஷப் பழக்கம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரை வீட்டுக்கு எடுத்துப் போய், மனைவி காவேரியிடம் சோப்புத் தூள் வாங்கி, பக்கெட்டில் ஊறப்போட்டு, மடிப்பு மடிப்பாக விரலை விட்டுக் கழுவினார். கூரை ஓட்டின் மேல் வெயிலில் வைத்தார். சாயங்காலம் எடுத்தபோது வெள்ளையாக இருந்தது. மாட்டினார். காற்று முன்னைவிட நன்றாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான காரியமாக அவருக்கு அது படவில்லை.

மேலே காய்ந்திருந்தது, உள்மடிப்புகளில் ஈரம் இருந்தது. போகாமல் தங்கிய மண் அந்த ஈரத்தில் சேறாகி அடியில் உட்கார்ந்தது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூடிய இருட்டு, ஈரம், அழுக்கு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு எலி செத்த நாற்றம் வந்திருந்தால் வண்டியைச் சோதித்திருப்பார்கள். டீசல் நாற்றம் என்றால் இன்ஜினைத் திறந்திருப்பார்கள். ஆனால் ஈரத்தில் கெட்டுப்போன அந்த ஃபில்டரிலிருந்து வந்தது, வேர்த்த சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்து ரெண்டு நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாடை. மனித வாடை. வண்டியில் இருந்த மனிதர்கள் இரண்டு பேர். பின்சீட்டில் இருந்தவர் மேல் சந்தேகம் வர வழியே இல்லை.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, செம்பரம்பாக்கம் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“கன்னியப்பன், தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க சார்.”

“காலைல குளிக்கிறீங்களா?”

கன்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“குளிச்சிட்டுத்தான் சார் வரேன்.”

“இல்ல, சும்மா தண்ணி ஊத்திக்கிறது வேற. சோப்பு போட்டு, நல்லா. சட்டையையும் தினம் மாத்தணும். ஏ.சி. வண்டி பாருங்க, மூடின எடம்.”

“சரிங்க சார்.”

“நான் பொதுவாத்தான் சொல்றேன்.”

கோதண்டராமன் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் ‘வா, போ’ என்று பேசமாட்டார். மதிய நேரத்தில் டிரைவர் சாப்பிட்டாரா என்று கேட்பார். தீபாவளிக்கு எல்லா டிரைவர்களுக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். கன்னியப்பனுக்கு ஸ்வீட் பாக்சோடு, பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய இன்னொரு பொட்டலமும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். வீட்டில் மகள் ஆசையாகப் பிரித்தாள். உடம்புக்கு அடித்துக்கொள்ளும் சென்ட் டப்பா ஒன்று, பவுடர் ஒன்று. மகள் வீடு முழுக்க அடித்து விளையாடினாள். காவேரிக்குப் புரிந்துவிட்டது.

“இன்னாத்துக்கு இதக் குடுத்தாரு?”

“எல்லாருக்கும் குடுத்தாங்க.”

“எதிர்வூட்டு ஆளும் உங்க கம்பெனி டிரைவர்தான். அவருக்கு ஸ்வீட்டு மட்டும்தான் வந்துது.”

கன்னியப்பன் நடந்ததைச் சொன்னார். காவேரி பக்கத்தில் வந்து அவர் கழுத்தை, தோளை, சட்டையை முகர்ந்தாள். “ஒண்ணும் நாறல. சோப்பு வாசனைதான் வருது.”

“நீ பழகிட்ட. உனுக்குத் தெரியாது.”

“பதினாலு வருசமா உன்கூடத்தான படுத்துகினு கீறேன். எனுக்குத் தெரியாத நாத்தம் அந்தாளுக்கு எங்கேர்ந்து வந்துது?”

ஆனால் காலையில் ஏ.சி.யைப் போட்டதும் அவர் மூக்கிலும் அந்த வாடை ஏறத்தான் செய்தது. மேனேஜர் இல்லாத நேரத்திலும் வந்தது. அப்படியானால் தன்னிடமிருந்துதான் என்று முடிவு கட்டினார். கருவாடு வேண்டாம் என்றார். பூண்டை நிறுத்தினார், பிறகு வெங்காயத்தை. மருந்துக்கடையில் கேட்டு அக்குளுக்கு ஒரு பவுடர் வாங்கினார். மகள் மடியில் ஏற வந்தால், “போம்மா, அப்பாவுக்குக் கசகசன்னு கீது” என்று தள்ளி உட்காரவைத்தார். மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல், வேலை இருக்கிறதென்று மொய் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஷெட்டில் செய்தி பரவாமல் இருக்குமா? கம்பெனி பஸ் ஓட்டும் சுபாஷ்தான் ஆரம்பித்தார்.

“இன்னா தல, மூணு வேள குளியல்? புதுமாப்ள கணக்கா கீற. பொண்ணு எந்த ஊரு?”

“டேய், அவரு மேல கை வெக்காதடா, வழுக்கிகினு பூடுவாரு. அவ்ளோ சோப்பு” என்றார் இன்னொரு டிரைவர்.

“ஏ, சும்மா கெடங்கடே” என்று அதட்டியவர் இசக்கிபாண்டி. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், கன்னியப்பன் வயசுதான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இந்தக் கம்பெனியில் விருந்தாளிகளைக் கூட்டிவரும் காரை ஓட்டினார். அவரும் காண்ட்ராக்ட்தான். ஒரகடத்தில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் இருந்தார், தினமும் சைக்கிளில் வருவார். “மனுசன் சங்கடத்துல இருக்கான். அதுல போயி வெளையாட்டு.”

நவம்பர் கடைசியில் மேனேஜர் மறுபடி பேசினார். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“ஜனவரில உங்க பைல் எங்கிட்ட வரும் கன்னியப்பன். டிரைவிங்ல ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா சில நேரம் வெளிநாட்டுக் கஸ்டமர்ஸும் என்கூட இந்த வண்டில வர்றாங்க. நான் பொய் எழுத முடியாது. புரியுதா?”

“புரியுது சார்.”

அன்றைக்குத்தான் சாயங்காலக் குளியலில் செங்கல் பொடி எடுத்து உடம்பைத் தேய்த்தார். தோல் சிராய்த்து எரிந்தது.

டிசம்பர் முதல் வாரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜரை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. துண்டோடு குழாய்க்குக் கிளம்பிய கன்னியப்பனைப் பார்த்து, “மழையில நின்னாலே போதுமே அண்ணாச்சி, கொழாய் எதுக்கு?” என்றார் இசக்கிபாண்டி. ஷெட்டுக் கூரை ஒழுகியதால் அவர் வெள்ளைக் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் மூச்சுக்காற்றில் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதை விரட்ட வண்டியை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டார்.

கன்னியப்பன் தலை துவட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது இசக்கிபாண்டி பின்சீட்டையும் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இவ்ள நேரமும் எங்க இருந்தீய?”

“குளிச்சிகினு இருந்தேன். நீ பாத்துகினுதான இருந்த?”

“அப்ப உங்க நாத்தம் மட்டும் எப்படி இங்க வந்து உக்காந்திருக்கு?”

கன்னியப்பன் முகம் கறுத்தது. “நீயுமா இசக்கி?”

“ஏ, கோவப்படாதீய. உள்ள வாங்க. இந்தா, இங்ஙன மூக்க வைங்க.”

கன்னியப்பன் ஏ.சி. துவாரத்தில் முகத்தை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். இசக்கிபாண்டி அதற்குள் டேஷ்போர்டு டப்பாவின் கொக்கிகளை விடுவித்துக்கொண்டிருந்தார். உள்ளே கையை விட்டு உருவியதும் கார் முழுக்க அந்த வாடை நிரம்பியது. ஃபில்டர் ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது.

“இத எப்ப மாத்துனது?”

“மாத்தல. கழுவுனேன்.”

“என்னது?”

“சோப்புத் தூள் போட்டு ஊறவெச்சிக் கழுவி, வெயில்ல காயவெச்சி…”

இசக்கிபாண்டி வெடித்துச் சிரித்தார். “இது என்ன ஜட்டியா அண்ணாச்சி, கழுவிக் காயப்போட?” பிறகு கன்னியப்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

கன்னியப்பன் தன் முன்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சோப்பு வாசனை. இன்னொரு கையையும் முகர்ந்தார்.

“எம் பொண்ண மடில உக்கார வெக்கலடா நானு” என்றார்.

அன்று சாயங்காலம் ஃபில்டர் இருந்த இடத்தைக் காலியாகவே விட்டு வண்டி ஓட்டினார். வாடை பாதியாகிவிட்டது. மேனேஜர் வழி நெடுகப் போனில் இருந்தார், கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய ஃபில்டரைப் பாலிதீன் பையில் முடிந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போனார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கடைக்காரரின் மனைவி அம்சவல்லி இருந்தார். பையைத் திறந்ததும் முந்தானையால் மூக்கை மூடினார்.

“ஐயே, இன்னாய்யா இது, செத்த பெருச்சாளியா?”

“ஏ.சி. பில்டரும்மா. இதே அளவுல ஒண்ணு வேணும்.”

மூன்று விதம் எடுத்து மேசையில் போட்டார் அம்சவல்லி. முதலாவது மெல்லிய காகிதம். “இது சல்லிசு. ஆனா பாரு, ஒரு விரக்கடை கம்மி. சைடுல காத்து பூந்துகினு போவும், தூசியும் கூடவே போவும். போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்.” இரண்டாவது வெள்ளை, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வந்தது, அளவு கச்சிதம். மூன்றாவது சாம்பல் நிறம். “இதுல கரி போட்டுக்கீது. தூசியோட பொகை, நாத்தம் எல்லாத்தயும் புடிச்சிக்கும். விலை ஜாஸ்தி.”

கன்னியப்பன் சாம்பல் நிறத்தின் மேல் கை வைத்தார்.

“யாரு வண்டி?”

“கம்பெனி வண்டி.”

“பில்லு கம்பெனி பேர்ல போட்டுரட்டா?”

“வாணாம். சும்மா குடுங்க.”

அம்சவல்லி பில் புத்தகத்தை மூடினார். “காத்து போற பக்கம் அம்புக்குறி போட்டுக்கீது, பாத்து மாட்டு. மழ நாள்ல வண்டி நிறுத்துறதுக்குக் கொஞ்சம் முன்ன ஏ.சி.ய அணைச்சிட்டு ஃபேன மட்டும் ஓட்டு, உள்ள ஈரம் காஞ்சிரும். இன்னொண்ணு, கழுவித் தொலைக்காத.”

“யாராச்சும் கழுவுவாங்களா?”

“கேட்டியா கத. பாதி ஊரு கழுவுது.”

இசக்கிபாண்டியும் அவரும் ஃபில்டர் இருக்கும் கூட்டைக் காற்றடித்து, உள்ளே சேர்ந்திருந்த வேப்பிலைச் சருகுகளைக் கையால் அள்ளி எடுத்து, துணியால் துடைத்துக் காயவிட்டுப் புதியதை மாட்டினார்கள். அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது கோதண்டராமன் மூச்சை இழுத்துவிட்டார்.

“இன்னைக்கு நல்லா இருக்கே கன்னியப்பன்! பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது.”

கன்னியப்பன் இந்த நிமிஷத்துக்காக வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தார். “சார், அது நான் இல்ல சார். ஏ.சி. பில்டர்னு உள்ள ஒண்ணு…”

“அட, விடுங்க. இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. மனுஷ உடம்பு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான்தான் ரெண்டு வாரம் தூக்கம் இல்லாம இருந்தேன். ஒய்ஃப்கூடச் சொன்னா, பாவம், மனசு நோகப்போகுதுன்னு.”

அந்த வீட்டு அம்மாவுக்கும் தெரியும் என்பது கன்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனி போர்ட்டிகோவில் மேனேஜர் இறங்கியதும் கன்னியப்பன் டிக்கியைத் திறந்து பாலிதீன் பையை எடுத்தார். “சார், ஒரு நிமிசம். இத மோந்து பாருங்க சார்.” கோதண்டராமன் எட்டிப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். “என்ன இது? இப்பத்தான் சரியாச்சு, இதைப் போய் டிக்கில வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க முதல்ல.” கைக்குட்டையை எடுத்தபடி படியேறிப் போய்விட்டார்.

தாவீதிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று ஷெட்டில் குதித்த கன்னியப்பனை இசக்கிபாண்டிதான் உட்காரவைத்தார்.

“சொல்லுங்க. எப்படிக் கெட்டுச்சின்னு கேப்பாரு. என்ன சொல்லுவீய?”

“கழுவுனேன்னு சொல்லுவேன்.”

“கம்பெனி சாமானைக் கெடுத்தான்னு எழுதுவாரு. காத்தடிக்கச் சொன்னேன், யாரு கழுவச் சொன்னான்னு கேப்பாரு. அதுவும் புகாருதான. கழுவலன்னு சொன்னா, அப்ப நாறுனது நீதான்னு ஆயிரும். எந்தப் பக்கம் திரும்புனாலும் உங்களுக்குத்தான் அடி.”

“அப்ப இன்னா பண்ணச் சொல்ற?”

“சனவரி வரைக்கும் வாய மூடிட்டு இருங்க. பர்மனென்ட் ஆகட்டும். பொறவு என்ன வேணாலும் பேசிக்கிடலாம்.”

காவேரிக்கு இது பிடிக்கவில்லை. “நாறுனது நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. அதுக்கு இன்னா பயம்?” என்றாள். “வேல பூடும்” என்றார். அவள் எழுந்து போய் அன்றிரவு கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவரும் சாப்பிட்டார். மகள் வந்து மடியில் உட்கார்ந்தாள்.

ஜனவரியில் கூப்பிட்டார்கள். தாவீதின் அறை. பக்கத்து நாற்காலியில் கோதண்டராமன் சிரித்த முகமாக இருந்தார். கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

“சார் உன்னப் பத்தி ரொம்ப நல்லா சொல்லியிருக்காரு” என்றார் தாவீது. “ஒரு லேட் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. நடுவுல சுத்தம் விஷயமா ஒரு பிரச்சினை இருந்துச்சு, சொன்னதும் திருத்திக்கிட்டான்னாரு. நெசமா?”

கோதண்டராமன் ஊக்கப்படுத்துகிறவர் மாதிரித் தலையசைத்தார். “சொல்லுங்க கன்னியப்பன், இதுல என்ன இருக்கு? மத்த டிரைவர்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்.”

வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் கன்னியப்பன் தயாராகி வந்திருந்தார். கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. மேசை மேல் அவருடைய பைல் திறந்து கிடந்தது, தாவீதின் பேனா மூடி கழன்றிருந்தது.

“முன்ன நான் சரியா குளிக்க மாட்டேன் சார்” என்றார் கன்னியப்பன். “சார் சொன்னதுக்கு அப்புறம்தான் டெய்லி சோப்பு போட்டுக் குளிக்கிறேன்.”

“வெரி குட்” என்றார் தாவீது. “இதான் வேணும். எல்லாப் பயலுக்கும் இந்தப் புத்தி வரணும்.”

பைலில் கையெழுத்து விழுந்தது. பிப்ரவரி முதல் தேதி அவருக்கு நீலச் சட்டை கிடைத்தது. அதே தேதியில் டிரைவர் ஷெட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. காண்ட்ராக்ட் டிரைவர்கள் ஷெட்டில் குளித்த பிறகே வண்டிச் சாவி வாங்க வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி சோதித்துச் சாவி கொடுப்பார். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவரின் காண்ட்ராக்ட் ரத்து. பர்மனென்ட் டிரைவர்களுக்கு இது பொருந்தாது.

செக்யூரிட்டி ஐயனார் நல்ல ஆள்தான். ஆனால் ஆண்களின் சட்டைக் காலரை முகர்ந்து பார்க்கும் வேலை அவருக்கும் புதிது. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே முகர்வார். சுபாஷ் ஒருவர்தான் அதிலும் வேடிக்கை காட்டி, “நல்லா மோந்துக்கோ, நேத்து பிரியாணி” என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கன்னியப்பன் உள்ளே சொன்னது ஷெட்டுக்குக் கசிந்திருந்தது; அவர்களில் யாரும் அதற்குப் பிறகு அவரோடு டீ குடிக்கவில்லை.

இசக்கிபாண்டியின் அறைக்கு டேங்கர் லாரித் தண்ணீர். வெயில் ஏற ஏற அது இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆயிற்று. ஷெட் குழாயில் காலையில் வரிசை நிற்கும், முன்னால் போனவர்களுக்கே தண்ணீர் தீர்ந்துவிடும். சைக்கிள் மிதித்து வந்த வேர்வையோடு அவர் சாவிக்காகக் கேட்டில் நிற்பார்.

“ஆர்டருப்பா இசக்கி. போய்க் குளிச்சிட்டு வந்துரு.”

“எங்க போயிக் குளிக்க? குடிக்கவே தண்ணி இல்லவே.”

மூன்றாவது முறை அப்படி நின்றுகொண்டிருந்தபோது வெள்ளைக் கார் கேட்டுக்கு வந்தது. பின்சீட்டிலிருந்து கோதண்டராமன், “என்ன தகராறு அங்க?” என்று கேட்டார். கன்னியப்பன் இசக்கிபாண்டியைப் பார்த்தார். இசக்கிபாண்டியும் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார்” என்று கன்னியப்பன் கியரை மாற்றினார்.

மதியம் அவர் ஷெட்டுக்கு ஓடி வந்தபோது இசக்கிபாண்டி கணக்கு முடித்துச் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இசக்கி, நான் சாரண்ட பேசறேன். இப்பவே போயி பேசறேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி.” கயிற்றை இழுத்து முடிந்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு உள்ள கூப்பிட்டு விசாரிச்சப்ப என்ன சொன்னீய?”

கன்னியப்பன் தன் நீலச் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

“வாய மூடிட்டு இருங்கன்னு நாந்தான் சொன்னேன். தொறந்து இப்படிச் சொல்லுவீயன்னு நெனைக்கல.”

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு அவர் கிளம்பினார். மார்ச் மாதம் மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு லோடு வேன் ஓட்டச் சேர்ந்தார். அந்த வேனில் ஏ.சி. கிடையாது.